மாவிளக்கில் சுக்கு

என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது, "புள்ளை தண்ணி ஊத்தி எந்திரிச்சா உனக்கு மாவிளக்கு எடுக்கறேன் ஆத்தா" என்று சேலம் கோட்டை மாரியம்மனுக்கு அம்மா நேர்ந்துகொண்டாள். மகள் தேறிவிட்டாள். அடுத்த ஆடி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். வருஷம் திரும்பட்டும் என்று பெரியவர்கள் சொன்னதால் இந்த ஆடியில்தான் என்னால் அந்தக் கடனைத் தீர்க்க முடிந்தது.

ஆடித் திருவிழாவின் பொங்கல் நாள், உள்ளூர் விடுமுறை வேறு. ராசிபுரத்திலிருந்து வந்து பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்தே கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. "500 ரூபாய் கொடுங்கக்கா, நேரா உள்ளே விட்டுடறேன்" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். பெற்ற தாயைப் பார்க்க யாராவது ஆள் பிடிப்பார்களா? மனசு கசந்து போனது. அரளி மாலைக்கும் வாயில் வந்த விலைதான்.

2023-ல் கும்பாபிஷேகம் ஆனபிறகு நான் போவது இதுதான் முதல் தடவை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பழைய இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

பிராகாரத்தில் உட்கார்ந்து தாம்பாளத்தைத் திறந்தால், வெல்லம் இளகி மாவு தளர்ந்து கிடந்தது. குழி செய்து நெய் ஊற்றினால் கரை உடைந்து ஓடுகிறது. திரி சாய்கிறது. அம்மாவின் வேண்டுதலை நான் கெடுத்துவிட்டேனோ என்று கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த பாட்டி, "பதறாத சாமி" என்று தன் தூக்குவாளியிலிருந்து இரண்டு கை மாவை அள்ளிப் போட்டார்.

சுக்கு வாசனை! பிசையப் பிசைய எழும்பி முகத்தில் அடித்தது. நான் ஏலக்காய் மட்டும்தான் போட்டிருந்தேன். அம்மா சுக்கை உரலில் இடிப்பாள். தும்மிக்கொண்டே இடிப்பாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு "போய் அந்தண்ட வெளையாடு" என்பாள். அந்த முந்தானை, அந்தத் தும்மல், வெள்ளைப் புள்ளிகளாக மாவு ஒட்டிய அவள் முழங்கை எல்லாம் அப்படியே வந்து நின்றன. காரியத்தின்போதுகூட இப்படி அழவில்லை நான். பாட்டி ஒன்றும் கேட்காமல் திரியை நிமிர்த்தி ஏற்றிவிட்டார்.

எரியும் விளக்கோடு உள்ளே போனேன். சேலத்தின் எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் தலைவி, மஞ்சளும் வேப்பிலையுமாக உட்கார்ந்திருக்கிறாள். "நகருங்க, நகருங்க" என்ற சத்தத்துக்கு நடுவே அவள் கண்ணை மட்டும் பார்த்தேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அம்மா எடுக்கச் சொன்னது ஆத்தா, எடுத்துக்கோ" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. என் பிள்ளையையும் கொடுத்தாய், ஒரு நிமிஷம் என் அம்மாவையும் கொடுத்தாய், இதற்கு மேல் என்ன தாயே!

விளக்கு மலையேறியதும் திரி கருக்கிய குழியைக் கிள்ளி வாயில் போட்டேன். நெய்ப்புகை, வெல்லம், கடைசியில் நாக்கில் ஏறும் சுக்குக் காரம். வீட்டில் அந்தக் குழி எப்போதும் எனக்குத்தான். இந்த முறை பாதியை மகளுக்குக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "அம்மாயி வாசம்" என்றாள். நர்சிங் படிக்கிறாள். வாசனை மட்டும் மற்ற புலன்களைப் போலச் சுற்றிப் போகாமல், மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய இடங்களை நேராகத் தொடுமாம். இருக்கும். அப்படி ஒரு வழி வைத்தவளும் ஆத்தாதானே.

பாட்டிக்கும் ஒரு உருண்டை கொடுத்துவிட்டு, சுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்க மறந்துபோன அளவு அது.

"படி அரிசிக்கு வெரல் நீளம் போதும் கண்ணு. வெயில்ல நல்லாக் காய வெச்சு இடி, மிக்சில போடாத."