தலைகீழ் எழுத்துள்ள பை

என் கைப்பையின் ஒரு பக்கத்தில் எழுத்துகள் தலைகீழாக இருக்கும். சத்துவாச்சாரியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா அதைக் கவனித்துவிட்டு, "டூப்ளிகேட் போல இருக்குதே, எழுத்தெல்லாம் கவுந்து கெடக்குது" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. என்ன பதில் சொல்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு என்றால் சொல்லியிருப்பேன். லூயி விட்டோன் என்கிற விலையுயர்ந்த பிரெஞ்சு பிராண்டின் ஸ்பீடி பையில், அதுவும் பெயரெழுத்து கோர்த்த பழைய மோனோகிராம் ஸ்பீடியில், அப்படித்தான் இருக்க வேண்டும். முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் மூன்றும் ஒரே துண்டு. அடியில் மூட்டே கிடையாது. முன்னால் நேராகத் தொடங்கும் எழுத்து, அடியைச் சுற்றிப் பின்னால் ஏறும்போது கவிழ்ந்துவிடும். இரண்டு பக்கமும் நேராக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இது நான் வாங்கிய பை இல்லை. என் நாத்தனார் வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்து போனவள். மாதா மாதம் கொஞ்சம் எடுத்துவைத்து 2004-ல் லண்டனில் வாங்கினாள். 2019-ல் ஊருக்கு வந்தவள், "அண்ணி, எனக்குக் கையில தூக்குற பை இப்ப ஒத்துவரல, நீங்க வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். உறையும் பில்லும் அவளிடமே எங்கேயோ தங்கிவிட்டன. அவற்றுக்கும் ஒரு விலை உண்டென்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த வாரமே வாலாஜாவுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதப்படுத்தும் ஆலையில், 31 வருஷம் அசார்ட்மென்ட் பார்த்தவர். தோலை மேசைமேல் விரித்து, கழுத்து, முதுகு, வயிறு என்று உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த இடம், முள்கம்பி கீறியது, சூடு போட்ட தழும்பு எல்லாம் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இது தோலில்ல கண்ணு, துணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பிடியும் ஓரமும்தான் தோலு. அதுவும் பட்டை போட்ட தோலு. பூச்சு ஒண்ணும் கெடயாது, பச்சையா உட்ருக்கான்."

அப்பா சொன்னது அத்தனையும் சரி. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். விட்டோன் 1854-ல் பாரிஸில் சொந்தமாகப் பெட்டி செய்யத் தொடங்கியவர். கப்பலிலும் ரயிலிலும் அடுக்க வசதியாகத் தட்டையான மூடி போட்ட பெட்டிகள், மேலே நீர் புகாத துணி. அந்தத் துணியை மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள் என்று அவர் மகன் ஜார்ஜ் 1896-ல் அப்பாவின் பெயரெழுத்துகளையும் பூக்களையும் கோர்த்து வரைந்ததுதான் மோனோகிராம். 1959-ல் மெத்தென்று மடிகிற பூச்சுத் துணி வந்தபிறகு அதைக் கைப்பைகளிலும் தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது. ஸ்பீடி 1930-லேயே வந்துவிட்ட வடிவம். ஆக, ஊரே தோல் பை என்று பார்க்கிற பையில் முக்கால்வாசி துணிதான். இருந்தும் அந்தக் கொஞ்சத் தோல்தான் பையின் வயதைக் காட்டுகிறது. புதிதில் வெளிறிய சந்தன நிறம். வெயிலும் கைவியர்வையும் பட்டுப்பட்டு வருஷக்கணக்கில் தேன் நிறத்துக்கு வரும். குரோம் என்கிற ரசாயன உப்பில் பதப்படுத்திய தோலில் இப்படி வராது.

பட்டை போடுவது என்றால் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று மரச்சரக்கில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. வாரக்கணக்கில் ஆகும். குரோம் வந்தபிறகு வேலை நேரம் மிகவும் சுருங்கிவிட்டது, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களெல்லாம் அதற்கு மாறின. அதற்கு ஆறு கொடுத்த விலை வேறு கணக்கு. ஆலைக் கழிவால் ஆறு கெட்டதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த வழக்கு அது. அப்பா இதைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். பட்டை போட்ட தமிழ்நாட்டுத் தோலுக்கு 'ஈ.ஐ. லெதர்' (ஈஸ்ட் இந்தியா தோல்) என்ற பெயரில் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

"எப்படிப்பா பார்த்தவுடனே தெரியுது?" என்று கேட்டேன். வெட்டிய ஓரத்தைக் காட்டினார். குரோம் தோலை வெட்டினால் நடுவில் நீலச்சாம்பல் தெரியும், பட்டைத் தோலில் உள்வரை பழுப்புதான். ஷாப்பில் சந்தேகம் வந்தால் ஒரு சின்னத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்களாம். குரோம் அப்படியே நிற்கும், பட்டைத் தோல் சுருண்டுகொள்ளும்.

இவ்வளவு கேட்டும் நான் ஒரு தப்பு செய்தேன். 2021 மழையில் காட்பாடி ஸ்டேஷனில் பிடி நன்றாக நனைந்து திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பழுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது.

2023-ல் மகனின் ஹாஸ்டல் பணத்துக்காகப் பையை விற்றுவிடலாம் என்று சென்னையில் பழைய பிராண்டட் பைகள் வாங்கும் ஒரு கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் முகர்ந்தான். ஜிப்பை இழுத்துப் பார்த்தான். பிடி சேரும் இடத்தில் தையலை எண்ணினான். உள்ளே கைவிட்டு ஒரு சின்னத் தோல் நாக்கைத் திருப்பி SP0093 என்று படித்தான். அந்தக் காலத்து விட்டோன் பைகளில் எழுத்து இரண்டும் தயாரான இடத்தைச் சொல்லும், முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் மாதம், மற்ற இரண்டும் வருஷம். அதாவது 2003 செப்டம்பர், பிரான்ஸ். 2021-லிருந்து இந்த எண்ணுக்குப் பதிலாக உள்ளே சிப் வைக்கிறார்களாம். எண் இருப்பதாலேயே நிஜம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதையும் காப்பியடிக்கிறார்கள் என்றும் அவனே சொன்னான்.

கடைசியாகக் கட்டைவிரலால் பிடியைத் தடவினான். "பாலிஷ் போட்டீங்களாம்மா?"

18,000 தரலாம் என்றான். பிடி தானாகவே கறுத்திருந்தால் 30,000 வரை போயிருக்குமாம். உறையும் பில்லும் இருந்தால் இன்னும் மேலே. மழைக்கறை இருந்தாலும் அது பையின் சொந்தக் கறை, வாங்குகிறவர் ஒத்துக்கொள்வார், பாலிஷ் என்றால் எதை மறைத்தீர்கள் என்றுதான் கேட்பார் என்றான். விற்காமல் திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது 18,000-ஐவிட அந்தப் பையனின் கைதான் நினைவில் இருந்தது. அப்படியே அப்பாவின் கை. அதே தடவல், அதே முகர்தல், அதே ஓரம் பார்ப்பது. சென்னையில் இந்த வேலைக்கு அத்தென்டிகேஷன் (அசல்தானா என்று பார்ப்பது) என்று பெயர். ராணிப்பேட்டையில் இதைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது வாரக்கூலி. தோலைத் தொட்டே ரகம் சொல்லக்கூடியவர்கள் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று எனக்கு மெய்யாகவே ஆசை. புதுச்சேரியில் 1978-ல் தொடங்கிய ஹைடிசைன், பட்டைத் தோலை வைத்தே ஒரு பெயரை வளர்த்தது. நம் பாலாற்றுப் பக்கம் செய்கிற சரக்கு பெரும்பாலும் வேறொருவர் பெயரில்தான் கப்பல் ஏறுகிறது.

இந்தப் பைகளைத் தங்கத்தோடு ஒப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. தங்கத்துக்குத் தராசு உண்டு, அன்றைய ரேட் உண்டு. பையில் சில மாடல்களுக்குத்தான் விலை நிற்கும், மற்றதெல்லாம் கடை வாசலைத் தாண்டியதுமே இறங்கிவிடும்.

விலை நிற்கிறவற்றில் முதலில் சொல்ல வேண்டியது எர்மெஸ். 1837-ல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம். அந்தச் சேணத் தையலைத்தான் இன்றும் பைக்குப் போடுகிறார்கள். மெழுகு தடவிய ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போகும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நடிகை ஜேன் பர்க்கினுக்காக 1980களில் செய்த முதல் பர்க்கின் பை 2025 ஜூலையில் பாரிஸில் 86 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. நம் காசில் கிட்டத்தட்ட 86 கோடி. அவர் வருஷக்கணக்கில் தூக்கி அலைந்த பை. தேய்ந்தது, கறை பட்டது, ஸ்டிக்கர் ஒட்டிய அடையாளத்தோடு இருக்கிறது.

போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். "கீறல் இருந்தா நாங்க காச கொறைப்போம். இவங்க இன்னாத்துக்கு ஏத்தறாங்க?" என்றார். காபி குடித்து முடித்தபிறகு அவரே சொன்னார்: "நாங்க பாத்த கீறல் மாட்டுக்கு வந்தது. இது வெச்சிருந்தவங்களால வந்தது. வேற வேற."

என் பை இப்போது பீரோவில் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று அப்பா தன் பழைய வேட்டியில் ஒரு உறை தைக்கச் சொன்னார். தைத்து எடுத்துப் போனபோது ஒரு துண்டுத் தாளில், ஷாப்பில் லாட்டுக்கு எழுதுவதைப் போலவே, எழுதி உள்ளே வைத்தார்:

"SP0093. 2003 செப்டம்பர். துணி நல்ல நிலை. பட்டைத் தோல். பிடியில் 2021-ல் பாலிஷ் பட்டது. இரண்டாம் ரகம்."