முதல் தெரு முனை: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 7

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் டுலூத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் தெருவும் கிழக்கு இரண்டாவது அவென்யூவும் சேரும் முனை வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் மூன்று வெண்கல இளைஞர்கள். போருக்குப் போய் இறந்த பையன்களாக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இன்று சிக்னலில் நிற்கும்போது பின் சீட்டிலிருந்து மகள், “அப்பா, அவங்க யாரு?” என்றாள். தெரியாது என்றேன். “தினமும் இந்த வழியாத்தானே போறீங்க?”

ஜூன் 8

அந்த மூவரைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

1920 ஜூன் 14. ஒரே ஒரு நாளைக்கு ஊருக்கு சர்க்கஸ் வருகிறது. அன்றிரவு சர்க்கஸின் கறுப்பின வேலையாட்கள் சிலர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்துவிட்டார்கள் என்று புகார். மறுநாள் அந்தப் பெண்ணைப் பரிசோதித்த டாக்டர், அப்படி நடந்ததற்கான அறிகுறி எதையும் காணவில்லை. அதற்குள் போலீஸ் சர்க்கஸ் ரயிலை நிறுத்தி, ஆட்களை வரிசையில் நிற்கவைத்து, ஆறு பேரைப் பிடித்துப்போயிருந்தது. 15-ம் தேதி சாயங்காலம் சிறையைச் சுற்றி 5,000 முதல் 10,000 பேர் என்கிறார்கள். அன்றைய டுலூத்தின் ஜனத்தொகையே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று போலீசுக்கு மேலிடத்து உத்தரவு. அவர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள், கூட்டம் அந்தக் குழாய்களையே பிடுங்கிக்கொண்டு திருப்பிப் பீய்ச்சியது. கதவை உடைத்து உள்ளே போய், தாங்களே ஒரு ‘விசாரணை’ நடத்தி, மூன்று பேரைத் தெருவுக்கு இழுத்து வந்து, அதே முனையில், விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள்.

எலியாஸ் கிளேட்டன், வயது 19. எல்மர் ஜாக்சன், 19. ஐசக் மெகீ, 20.

கொலைக் குற்றத்துக்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரம் செய்ததாக மூன்று பேர் உள்ளே போனார்கள். பதினைந்து மாதம் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஜூன் 9

லிஞ்சிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் ‘கும்பல் கொலை’ என்று எழுதுகின்றன. கும்பல் என்றதும் நமக்கு அரிவாளோடு ஓடி வந்து, வெட்டிவிட்டு மறைகிற பத்துப் பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். இங்கே யாரும் ஓடவில்லை. நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்கவும் செய்தார்கள்.

அந்த அட்டையைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று ஒரு மனசு சொல்கிறது. இறந்தவர்களைவிட அதிக நேரம் என் கண் நின்றது சுற்றி இருப்பவர்கள் மேல்தான். தொப்பி, கோட்டு. படத்தில் தன் முகம் தெரிய வேண்டுமே என்று எட்டிப் பார்க்கிறவர்கள். சிலர் சிரிக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த பிறகு வடத்தைப் பிடித்தபடி நிற்பவர்களின் முகத்தில் ஒரு களைப்பும் திருப்தியும் இருக்குமே, அது. இப்படி ஒப்பிடவே கை கூசுகிறது, ஆனால் முதலில் தோன்றியது இதுதான்.

ஜூன் 11

அரை நாள் லீவு போட்டுவிட்டு பார்க் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜூன் மாதம்தான், ஆனால் ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஸ்வெட்டருக்குள் புகுந்தது. தேடி அலைந்ததில் நாற்பது நிமிஷம் போய்விட்டது. கொசு வேறு. நிமிர்ந்து நிற்கும் பெரிய கற்களையே பார்த்துக்கொண்டு நடந்தது என் தப்பு. இவை தரையோடு தரையாகப் பதித்த கற்கள், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்.

1991 வரை இந்த இடத்தில் கல்லே கிடையாது. எழுபது வருஷம் வெறும் புல். பிறகு ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து இடத்தைக் கண்டுபிடித்துக் கல் பதித்தார்கள். பெயரோடு ஒரு வரியும் பொறித்திருக்கிறார்கள்: தடுக்கப்பட்டோம், தோற்கவில்லை என்ற அர்த்தத்தில். எனக்கு அந்த வரி ஒட்டவில்லை. பத்தொன்பது வயதில், முன்பின் தெரியாத ஊரில், செய்யாத தப்புக்காகச் செத்தவனுக்கு ‘தோற்கவில்லை’ என்று சொல்வது யாரைத் தேற்ற? பெயர் மட்டுமே போதும் என்று பட்டது.

ஒரு கல்லின் மேல் வெட்டிய புல் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12

இன்னொருவரைப் பற்றியும் எழுத வேண்டும். மேக்ஸ் மேசன், அதே சர்க்கஸ் தொழிலாளி. கூட்டத்தின் கையில் சிக்கவில்லை, ஆனால் நீதிமன்றம் பலாத்காரக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டது. நாலு வருஷம் சிறையில் இருந்தார். மின்னசோட்டாவை விட்டே போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1925-ல் விட்டார்கள். 2020 ஜூன் 12 அன்று, சரியாக இதே தேதியில், மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது. இறந்துபோனவருக்கு மின்னசோட்டா கொடுத்த முதல் மன்னிப்பு. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்று மூன்று வாரம்கூட ஆகாத நேரம்.

தப்பே செய்யாதவருக்கு மன்னிப்பா? சட்டத்தில் அதற்கு அதுதான் பெயராம்.

ஜூன் 13

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து இதே ஊர்தான். வேலியோரம் நின்று கேட்டேன். செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. “அந்த முனை வந்தால் என் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் என்று எனக்குத் தெரிந்தபோது நாற்பது வயது” என்றார். பள்ளிக்கூடத்தில்? “ஒரு வார்த்தை இல்லை.”

2003 அக்டோபர் 10, சிலை திறந்த அன்று பாட்டி போயிருந்தாராம். ஆயிரக்கணக்கில் கூட்டம். வாரன் ரீட் என்பவர் பேசியதைச் சொன்னார். பரம்பரையைத் தேடப்போனவருக்கு, தன் கொள்ளுத்தாத்தா 1920-ல் டிரக்கில் ஊரைச் சுற்றி ஆள் சேர்த்தவர், தண்டிக்கப்பட்ட மூவரில் ஒருவர் என்று தெரியவந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்து மேடையேறி மன்னிப்புக் கேட்டார். அப்போது கூட்டத்தில் தன்னைச் சுற்றி நின்றவர்களை நினைத்துப் பார்த்ததாகப் பாட்டி சொன்னார். எத்தனை பேர் வீட்டு ஆல்பத்தில் அந்தத் தொப்பிக்காரர்கள் இருப்பார்களோ! “உங்கள் வீட்டில்?” என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 14

அலபாமாவின் மான்ட்கோமரியில் லிஞ்சிங்கில் கொல்லப்பட்டவர்களுக்காக 2018-ல் திறந்த நினைவிடத்தைப் பற்றி அலுவலக நண்பர் சொன்னார். கறுப்பினத்தவர், தெற்கத்திக்காரர், போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எண்ணூறுக்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்று. 4,400 பேருக்கு மேல். உள்ளே போகும்போது தூண்கள் கண்ணுக்கு நேராக இருக்குமாம். போகப் போகத் தரை கீழே இறங்கி, தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பித்துவிடும். பெயரைப் படிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். “கழுத்து வலித்தது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இங்கே மூன்றே பேர். டுலூத் சம்பவம் நடந்து பத்தே மாதத்தில், செயின்ட் பாலைச் சேர்ந்த நெல்லி பிரான்சிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி விடாமல் அலைந்ததில் மின்னசோட்டா லிஞ்சிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதுக்குமான சட்டம் 2022-ல்தான் வந்தது.

ஜூன் 15

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். காலடியில் யாரோ ஏற்கெனவே பூ வைத்திருந்தார்கள். கிட்டே போனால்தான் தெரிகிறது, மூவரின் முகமும் அவ்வளவு சின்னப் பையன் முகம். சுவரின் மேலே பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கின் வரி: நடந்ததைப் பேசுவது கடினம், பேசாமல் இருப்பது முடியாத காரியம். மகள் மூன்று பெயரையும் சத்தமாகப் படித்தாள். மெகீயை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். எனக்கும் நிச்சயமில்லை, இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தோம்.

கிளம்பும்போது ஒரு ஜோடி, வெளியூர்க்காரர்கள், போனை நீட்டிப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். சிலைக்கு முன்னால் போய் நின்றார்கள். போனைத் தூக்கியதும் அந்த ஆள் பழக்கதோஷத்தில் சிரித்தார். உடனே உதட்டை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை அவருக்கு. நான் கொஞ்ச நேரம் அழுத்தாமல் நின்றேன். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக விலகிக்கொண்டு, “அவர்களை மட்டும் எடுங்கள்” என்றார்கள்.