அடங்கலில் இல்லாதவர்கள்

டர்பனிலிருந்து வந்த அந்த அம்மா என் மேசைமேல் விரித்து வைத்த நகலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டிலிருந்து எடுத்தது. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,000க்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களுக்கென எழுதப்பட்ட பதிவேட்டின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நான்கு தலைமுறை கழித்து அவர் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அது 2004. டெல்டாவில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் பதிவறை எழுத்தராக இருந்தேன். அவர் கேட்டது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. “கொள்ளுத்தாத்தா கப்பலேறிவிட்டார். அவருடைய தம்பிகள் ஊரிலேயே தங்கிவிட்டார்களாம். அவர்கள் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், ஐயா” என்றார். கடல் கடந்து போனவர் பெயரே கிடைத்திருக்கும்போது ஊரோடு இருந்தவர் பெயரா கிடைக்காது என்று நினைத்தபடி பதிவறைக்குள் போனேன்.

செட்டில்மெண்ட் பதிவேட்டை எடுத்தேன். பிறகு ‘அ’ பதிவேடு. பிறகு, மிச்சமிருந்த பழைய அடங்கல் கட்டுகள், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்குகள். புல எண், நன்செய் புன்செய், தீர்வை, பட்டாதாரர் பெயர். பக்கம் பக்கமாக மடங்கள், தேவஸ்தானங்கள், பத்துப் பன்னிரண்டு மிராசுதார் குடும்பங்கள். அந்த ஊர் வயலில் நாற்றுப் பறித்தவர், நட்டவர், அறுத்தவர், களத்தில் தூற்றியவர் ஒருவர் பெயரும் இல்லை. எப்படி இருக்கும்? அவர்கள் குடிசை நின்ற மண்ணும் பண்ணைக்குச் சொந்தம். பண்ணையாள் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று சட்டம் சொன்னதே 1952இல்தான். குடியிருப்பு மனை அவருக்கே உரியது என்று ஆனது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் எந்த நிலப் பதிவேட்டிலும் அவருக்கு இடமில்லை. பிறப்புப் பதிவேட்டையும் புரட்டினேன். கிராம முன்சீப் கையெழுத்தில் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றுதான் பல வரிகள் இருந்தன. பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

மதியம் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. நகலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “அப்படியானால் கூலியாகப் போனதால்தான் என் தாத்தாவுக்குப் பெயர் மிஞ்சியது, இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் குடிசை வாசலுக்கும் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்திருக்கிறார். ஒரு முறை இரண்டு முறை இல்லை, பத்தாண்டுக்கு ஒரு முறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வந்தவர் அவர். 1871இல் சென்னை மாகாணத்தில் எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். பிறகு 1891, 1901, 1911 என்று நிற்காமல் நடந்தது. மாகாண அறிக்கைகள் தடித்தடியான தொகுதிகளாக இன்றும் கிடைக்கின்றன. 1871க்குக் கார்னிஷ், 1881க்கு மெக்கைவர், 1891க்கு ஸ்டூவர்ட், 1901க்கு பிரான்சிஸ், 1911க்கு மோலனி என்று எழுதிய அதிகாரிகளின் பெயர்கள் அட்டையிலேயே இருக்கின்றன. எண்ணப்பட்டவர்களின் பெயர்கள்தான் இல்லை. கூட்டிக் கழித்து அட்டவணை போட்ட பிறகு வீட்டுவாரிப் படிவங்களை அழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. காவிரிக் கரைப் பண்ணையாளின் பெயரைத் தாங்கிய அரசுக் காகிதம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதையும் தொகுத்து முடித்ததும் தேவையில்லை என்று கழித்துவிட்டார்கள்.

எங்கள் துறையில் ஒரு கோப்பு முடியும்போது அதன் தலையில் சில எழுத்துகள் விழும். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் நானே அந்த எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்கிறவன் ஒரு ஊரின் நினைவிலேயே கைவைக்கிறான் என்பது டர்பன் அம்மா வந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஓ.மு. போட எடுத்த கோப்பை ஒரு முறை முழுதாகப் படிக்காமல் நான் கட்டியதில்லை.

அவர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 2001 கணக்கெடுப்பின்போது, அலுவலகத்தில் படிவக் கட்டுகளை வாங்கிச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எடுப்பு. எங்கள் பக்கம் அது தாளடி அறுவடைக் காலம். பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆசிரியர்கள் களத்துமேட்டுக்கே போய், கதிர்க்கட்டின்மேல் அட்டையை வைத்து எழுதினார்கள். வயது கேட்டால் “புயல் வருஷம்” என்று பதில் வரும். 1952 புயலா, 1977 புயலா என்று கேட்டுக் கணக்குப் போட வேண்டும். கணவர் பெயரைச் சொல்ல மாட்டாத பெண்களுக்கு அடுத்த வீட்டுக்காரி சொல்லிக் கொடுப்பாள்.

அந்த முறை படிவங்களை இயந்திரம் படம்பிடித்துப் படிக்கப் போகிறது என்பதால் மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, கட்டத்துக்கு வெளியே எழுத்து போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு தலைமையாசிரியை தன் படிவங்களை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, பழைய பட்டுப் புடவைத் துண்டால் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிரித்தபோது மேல் தாளில் இரண்டு நெல் உமிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஊதித் தள்ளிவிட்டுப் பெயர்களைப் பார்த்தேன். அஞ்சலை, மாரியம்மாள், சின்னப்பொண்ணு, பக்கிரிசாமி. கடைசி வரியில், பிறந்து ஒன்பது நாளான குழந்தை. ‘பெயர் வைக்கவில்லை’ என்று ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்துக்குள் அடக்கி எழுதியிருந்தார். நடவாளின் மகளை இவ்வளவு மரியாதையோடு எழுதிய வேறொரு காகிதம் எங்கள் பதிவறையில் கிடையாது.

2014இல் ஓய்வு பெற்றேன். பணியில் இருக்கும்வரை மனு எழுத முடியாது. அதன் பிறகு எழுதத் தொடங்கினேன். நாங்கள் ஆறு பேர். பத்திர எழுத்தர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர், வரலாறு படிக்கும் மாணவன், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், நான். சங்கம் என்று பெயர்கூட வைக்கவில்லை. எங்கள் கோரிக்கை நான்கே வரிகள். இனி எந்தக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பதிவையும் அழிக்கக் கூடாது. காகிதம் போனாலும் அதன் படத்தை ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். நூறு ஆண்டுகள் கழித்து யாரும் பார்க்கலாம் என்று சட்டம் வேண்டும். அதுவரையிலும் அதற்குப் பிறகும் அது எவருக்கும் எதிரான சான்றாக ஆகக் கூடாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தோம். இரண்டு வரியில் பதில் வந்தது: 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி இந்தப் பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை. அது சரிதான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் கால வரம்பே இல்லை. அறுபது ஆண்டு, நூறு ஆண்டு என்ற பேச்சே கிடையாது. உயிரோடிருப்பவரைக் காப்பதற்காகப் போட்ட பூட்டு, அவருடைய கொள்ளுப்பேரன் காலத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இந்தப் பூட்டு 72 ஆண்டுகள்தான். 1950ஆம் ஆண்டுப் பதிவுகளை 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தார்கள். பிரிட்டனில் நூறு ஆண்டுகள். அயர்லாந்தின் 1901, 1911 பதிவுகளை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். கனடாவில் 1901க்குப் பிந்தைய பதிவுகளைத் தர மறுத்தபோது, குடும்ப வரலாறு தேடும் சாதாரண மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். செனட்டர் லோர்னா மில்ன் அவர்களுக்காகப் பேசினார். 2005இல் 92 ஆண்டு என்று சட்டம் வந்தது. அவர்களும் எங்களைப் போல வீட்டு மேசையில் உட்கார்ந்து உறை ஒட்டியவர்கள்தான் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

எங்களுக்கு முதல் எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. புடவைத் துண்டில் படிவம் கட்டிக்கொண்டு வந்த அதே தலைமையாசிரியை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “ரகசியமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஒவ்வொரு பதிலையும் வாங்கினேன். அந்த வாக்கை எத்தனை வருஷம் கழித்து மீறினாலும் மீறல்தான், தம்பி” என்றார். கனடாவின் புள்ளியியல் துறை சொன்ன வாதமும் ஏறக்குறைய இதுவே. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெயரோடு சாதியும் எழுதப்படும் நாட்டில், நூறாண்டு கழித்தும் ஒரு பெயர் ஒருவரைக் குத்தக்கூடும். அவர் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ‘எவருக்கும் எதிரான சான்றாக ஆகக் கூடாது’ என்ற கடைசி வரி அவர் எழுதிக் கொடுத்தது.

அந்த வரி எவ்வளவு அவசியமானது என்பதை 2019 காட்டியது. 1951 கணக்கெடுப்புச் சீட்டுகளைப் பார்த்து எழுதிய குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பிப்பதாகச் சொல்லி அசாமில் பட்டியல் எடுத்தார்கள். ஆகஸ்டில் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பெயர், தாத்தா, காகிதம் என்ற சொற்களைக் கேட்டாலே மக்கள் பதறினார்கள். “எங்களை வெளியே தள்ளவா கேட்கிறீர்கள்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. சில மாதங்கள் கையெழுத்து வாங்குவதையே நிறுத்தி வைத்தோம். பழைய பதிவைத் திறப்பது வேறு, அதை வைத்து இன்றைய மனிதனை நிறுத்துப் பார்ப்பது வேறு. அந்த வேறுபாட்டை மக்களிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பாவம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 நவம்பரில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. ஓலை வீடுகள் போனதோடு தகரப் பெட்டிகளும் போயின. பெட்டியோடு குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போயின. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் நாங்கள் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. காகிதம் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும் என்பதை அவர்களே எங்களுக்குச் சொன்னார்கள்.

மாணவன் ஒரு நாள் என்னைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டைக் காட்டினான். ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, தலைவீடா அதற்கடுத்த வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். வீட்டுவாரிப் பட்டியலேதான். ஆயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கிறது. “சார், இதற்கு நி.மு. போட்டிருக்கிறார்கள்” என்றான். அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் வரும்போதே அடுத்த மனுவை அவன் எழுதி முடித்துவிட்டான்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் கைபேசிச் செயலியில்தான் பதியப் போகிறார்கள். சாதியும் கேட்கப்படும். காகிதமே இல்லாதபோது கழிப்பது இன்னும் சுலபம், ஒரு பொத்தான் போதும். அதனால்தான் அவசரப்படுகிறோம்.

கோரையாற்றங்கரை ஊர் ஒன்றில் கையெழுத்துத் தாளில் நாங்களாகவே ஒரு கட்டம் சேர்த்தோம்: ‘தெரிந்தால் தாத்தா, பாட்டி பெயர்’. நூறுநாள் வேலை முடிந்து வந்த ஒரு பெண் கைநாட்டு வைத்துவிட்டு, தாத்தா பெயரைச் சொன்னார். பாட்டி பெயர் கேட்டதும் நின்றுவிட்டார். “அப்பாயியை எல்லோரும் வடுவூராள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், ஐயா. யாரும் சொல்லிக் கேட்டதில்லை.” கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தத் தாள் மற்றவற்றோடு பதிவுத் தபாலில் டில்லிக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவருடைய மகன் சைக்கிளில் வந்தான். நீடாமங்கலத்தில் இருக்கும் அத்தைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னாராம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் ‘தையல்நாயகி’ என்று எழுதியிருந்தது. என்னிடமிருந்த நகலை எடுத்து, 41ஆம் தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். அடுத்த கட்டு தபாலுக்குப் போகும்போது அந்தத் தாளும் போகும்.