அஞ்சாம் அதிகாரம்: ஆகஸ்ட் மாச நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு ராத்திரி

சபை மறுபடி உயிர்ப்படையணும்னு வச்ச மூணு நாள் எழுப்புதல் கூட்டம் இன்னையோட முடிஞ்சுது. மணி பதினொண்ணே கால் ஆகுது, பந்தல்காரங்க இன்னும் தகரம் பிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. கூட்டம்னா நல்ல கூட்டம். சாத்தான்குளத்துல இருந்து வேன் போட்டு வந்தாங்க, நாசரேத்துல இருந்து ஒரு பஸ் வந்துச்சு, முதலூர் ஆளுக மூணு நாளும் முன்னாடி வந்து உக்காந்தாங்க. செய்தி கொடுத்தவரு உண்மையாவே பாரத்தோட பேசினாரு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கடைசியில கை தூக்கச் சொன்னப்ப நானும் தூக்கினேன், அழவும் செஞ்சேன்.

கூட்டம் கலையும்போதுதான் அதைப் பாத்தேன். போன சபை எலெக்‌ஷன்ல இருந்து எங்க கோயில்ல தெக்கு வாசல்காரங்க, வடக்கு வாசல்காரங்கன்னு ஆயிப்போச்சு, அந்தந்த வாசல் பக்கம் உக்காந்து அந்தந்த வாசல் வழியா போறது. பந்தலுக்கு வாசலே கிடையாது, நாலு பக்கமும் திறந்துதான் கெடக்கு, அப்படி இருந்தும் "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்"னு எழுதின பேனருக்குக் கீழ இருந்து எந்திரிச்ச ஜனங்க கோடு போட்ட மாதிரி ரெண்டா பிரிஞ்சு போனாங்க. என் மயினி, அண்ணன் பொண்டாட்டி, அந்தப் பக்கம் போனாங்க, நான் இந்தப் பக்கம் வந்தேன். நாங்க ரெண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கு எலெக்‌ஷன் காரணம் இல்ல.

இந்தக் கூட்டத்துக்காக நாப்பது நாள் காலையில அஞ்சு மணிக்கு கோயில்ல ஜெபம் வச்சோம், நான் ஒரு நாள் கூட தவறல. அப்ப என்ன வந்திருக்கணும், எது வரல? இதை நினைச்சுக்கிட்டேதான் படுக்கப் போறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகை. பதினாலு பேர் வந்தோம். பைபிள்ல எஸ்றா புஸ்தகம் முடிஞ்சு நெகேமியா பாதியில நிக்குது, விட்ட இடத்துல இருந்து வாசிப்போம்னு ஐயரம்மா, எங்க சபைப் போதகரோட வீட்டம்மா, சொன்னாங்க, வாசிக்கிற முறை எனக்கு வந்துச்சு. அஞ்சாம் அதிகாரம்.

சின்ன வயசுல இருந்து நெகேமியா பத்தி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், எல்லாமே ஒண்ணு அவரு எருசலேம் மதிலைத் திருப்பிக் கட்டுறதா இருக்கும், இல்லன்னா எட்டாம் அதிகாரமா இருக்கும், எஸ்றா காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணீர் வாசலுக்கு முன்னால வேதம் வாசிச்சதும், ஜனங்க கேட்டு அழுததும். இடையில இருக்கிற இந்த அதிகாரத்துல யாரும் நின்னு பாக்கிறதே இல்ல. ஜனங்க பஞ்சத்துல தானியம் வாங்க வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வச்சிருக்காங்க, ராஜாவுக்கு வரி கட்ட கடன் வாங்கியிருக்காங்க, பிள்ளைகளை அடிமையா கொடுத்திருக்காங்க, கடன் கொடுத்தது யாருன்னு பாத்தா வெளியாள் இல்ல, சொந்த சகோதரங்க, பக்கத்துல நின்னு அதே மதிலுக்குக் கல்லு தூக்கினவங்க. நெகேமியா கோபப்பட்டு கேக்காரு. அவங்க ஒரு பதிலும் சொல்ல முடியாம மௌனமா நிக்காங்க. இன்னைக்கே திருப்பிக் கொடுங்கன்னு சொல்லுதாரு, வயல், தோட்டம், வீடு, அதோட நூத்துக்கு ஒண்ணுன்னு வாங்கின வட்டியையும். அப்புறம் தன் உடுப்பை உதறிக் காட்டி, இந்த வார்த்தையை நிறைவேத்தாதவனை தேவன் இப்படி உதறிப் போடட்டும்னு சொல்லுதாரு, சபை முழுசும் ஆமென் சொல்லுது.

அதுக்கு அடுத்த அதிகாரத்துலதான் மதில் முடியுது, 52 நாள்ல. அதுக்கும் பிறகுதான் எட்டாம் அதிகாரம். அழுத ஜனங்க முதல்ல திருப்பிக் கொடுத்த ஜனங்க. இந்த வரிசை இவ்வளவு நாளா என் கண்ணுல படவே இல்லையே.

நான் வாசிச்சு முடிச்சதும் ஒருத்தரும் பேசல. எங்க ஊர்ல வட்டிக்குக் கொடுக்கிறதும் வாங்குறதும் எல்லாருக்கும் தெரியும், மூணு வட்டி, அஞ்சு வட்டி, அந்தப் பதினாலு பேர்லயே கொடுத்தவங்களும் இருந்தோம் வாங்கினவங்களும் இருந்தோம். ஐயரம்மா விளக்கம்னு ஒண்ணும் சொல்லல, ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு முடிவு ஜெபம் பண்ணிட்டாங்க. அது நல்லதுன்னு எனக்குப் பட்டுச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

டீச்சர்ஸ் ட்ரெயினிங் பாளையங்கோட்டையில. சீக்கிரமே விட்டுட்டாங்க, பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஊசிக்கோபுரத்துக்குள்ள போய் கொஞ்ச நேரம் உக்காந்தேன். 1826ல மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டின கோயில், வெளிய எவ்வளவு வெயில் அடிச்சாலும் உள்ள குளுமையாத்தான் இருக்கும்.

நம்ம திருநெல்வேலி சபை எப்படி ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். 1780ல பாளையங்கோட்டை சபைப் பதிவுல மொத்தமே 40 பேருதான். அதுல முதல் ஆளு குளோரிந்தா, ஸ்வார்ட்ஸ் ஐயர் கையால ஞானஸ்நானம் எடுத்த விதவை, அவங்க கட்டின கோயிலைத்தான் இன்னைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில்னு சொல்லுதோம். 1799ல முதலூர் உண்டாச்சு, ஞானஸ்நானம் எடுத்ததுக்காக அடி வாங்கி வீடு வாசல் இழந்த ஜனங்க ஒதுங்கி இருக்க ஒரு இடம் வேணும்னு. ஊரு பேர்லயே அது முதல் ஊருன்னு இருக்கு. பிறகு ரேனியஸ் காலத்துல அதுக்குன்னே தர்ம சங்கம் வச்சு நிலம் வாங்கினாங்க.

ரேனியஸ் காலத்துலயும் சண்டை இருந்துச்சுங்கிறதை நாம அவ்வளவா பேசுறதில்ல. 1835ல மிஷன் அவரை விலக்கினதும் சபைகள் அவரு பக்கம், மிஷன் பக்கம்னு ரெண்டா போச்சு, 1838ல அவரு சாகுற வரைக்கும் அப்படித்தான். இந்தத் தெக்கு வாசல் வடக்கு வாசல் எல்லாம் நேத்து வந்தது இல்ல.

அந்த ரேனியஸ்ட்ட படிச்ச ஒரு உக்கிரன்கோட்டைப் பையன்தான் அருளப்பன். சம்பளம் வாங்காம ஊழியம் செய்யணும்னு முடிவு பண்ணி, மேற்கு மலை அடிவாரத்துல வத்திராயிருப்பு பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில போய் இருந்தாரு. அங்கதான் 1860 மார்ச்ல எழுப்புதல் ஆரம்பிச்சுது. வெள்ளைக்காரங்க இல்லாத இடம், பெரிய பிரசங்கியார் யாரும் வரல, ஊரு ஜனங்க தங்க தங்க பாவத்தைச் சொல்லி நெஞ்சுல அடிச்சு அழுதாங்க, பெண்களும் சின்னப் பிள்ளைகளும் எழும்பி பேசினாங்க, பிறகு யாரும் அனுப்பாமலே ரெண்டு பேர் மூணு பேரா ஊரு ஊரா நடந்து போய் சொன்னாங்க. அங்க இருந்து திருநெல்வேலி சபைகளுக்குள்ளயும் பரவிச்சு. அதே மாதிரி 1905 அக்டோபர்ல டோனாவூர்ல, மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா பேசிக்கிட்டு இருக்கும்போது ஜனங்க அழுத அழுகையில பேச்சை நிறுத்த வேண்டியதா போச்சு.

ரெண்டு இடத்துலயும் முதல்ல வந்தது பாட்டும் இல்ல சந்தோஷமும் இல்ல. நான் செஞ்சது தப்புன்னு ஒருத்தன் வாய் திறந்து சொன்னதுதான் முதல்ல வந்துச்சு. பஸ்ல வரும்போது முழுக்க இதையே நினைச்சுக்கிட்டு வந்தேன், கருங்குளத்துல தூறல் போட்டுச்சு, ஷட்டரை இறக்கக் கூட தோணல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நற்கருணை ஆராதனை. பாவ அறிக்கை எல்லாரோடயும் சேர்ந்து சொன்னேன், மனப்பாடமா வருது, நினைக்காமலே வாய் சொல்லிருது. பந்திக்குப் போற நேரம் என் வரிசை எந்திரிச்சுது, நான் எந்திரிக்கல. உடம்பு சரியில்லையா டீச்சர்னு பக்கத்துல உள்ளவங்க கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னைக்கு நடந்ததை அப்படியே எழுதணும், மறந்துறக் கூடாது.

ஆறாம் அதிகாரம் வாசிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி, எப்பவும் சுவரோரம் காலை நீட்டி உக்காந்திருக்கிற ஒரு பெரியம்மா, எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், கையை ஊனி எந்திரிச்சாங்க. பாயாசத்துக்குப் பருப்பு போட்டு வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஓலைக் கொட்டான் கையில. அதைத் திறந்து உள்ள இருந்த துணி முடிச்சை அவுக்காங்க, முடிச்சு இறுகிப்போய் கிடக்கு, விரல் நடுங்குது, பல்லால கடிச்சு அவுத்தாங்க. உள்ள ஒரு ஜோடி கம்மல், சிவப்புக் கல்லு, ஒண்ணுல திருகாணி இல்ல, அதுக்குப் பதிலா நூல் சுத்தியிருந்துச்சு. தூண் பக்கம் உக்காந்திருந்த ஒரு பிள்ளைட்ட நேரா போனாங்க.

"ஏட்டி, இது ஒன்னோடது."

அவ பயந்துட்டா. "பெரியம்மா, முதலு அப்படியே நிக்குதே, அஞ்சாயிரம் இன்னும் தரலையே."

"நான் பேரன வச்சு கணக்கு பாத்துட்டேன். மாசம் நூத்தம்பது, ஏழு வருஷம், பன்னெண்டாயிரத்து அறுநூறு ஒன் கையில இருந்து வாங்கியிருக்கேன். முதலுக்கு மேல உள்ளது ஏழாயிரத்து அறுநூறு. அதை ஒரேடியா தர எனக்கு வழி இல்ல, பென்ஷன் வந்ததும் மாசாமாசம் தாரேன். வாங்கிக்க. போன வாரம் டீச்சர் வாசிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்லட்டி."

கம்மலை அவ கையில வச்சு விரலை மடக்கி விட்டாங்க. அந்தப் பிள்ளை அவங்க தோள்ல சாஞ்சு அழுதா பாருங்க, நாங்க யாரும் பாட்டுப் பாடல, ஜெபிக்கல, ஜன்னல் வழியா ஆட்டுக்குட்டி கத்துற சத்தம்தான் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு அக்கா, மளிகைக் கடையில மூணு வருஷமா கொடுக்காம ஏமாத்திக்கிட்டு இருக்கிற பாக்கியைப் பத்திச் சொன்னாங்க. இன்னொருத்தங்க எந்திரிச்சு எலெக்‌ஷன் நேரத்துல ஒரு குடும்பத்தைப் பத்தி தான் பரப்பின பேச்சு பொய்னு சொன்னாங்க, அந்தக் குடும்பத்து அம்மாவும் அங்கயேதான் இருந்தாங்க. ஆறாம் அதிகாரம் வாசிக்கவே இல்ல, இருட்டுற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

எல்லாரும் பேசினாங்க, நான் பேசல. வாசிச்சது நான்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஐயரம்மா கொடுத்த பழைய ஊழியப் பத்திரிகை ஒண்ணுல கொரியா எழுப்புதல் பத்தி இருந்துச்சு. 1907 ஜனவரி, பியாங்யாங். கில் சன்-ஜுன்னு ஒரு சபை மூப்பர், ஜெப வீரர், ஊரே மதிக்கிற ஆளு. சபை முன்னால எந்திரிச்சு நான்தான் ஆகான், என்னாலதான் தேவன் ஆசீர்வதிக்க முடியலன்னு சொல்லுதாரு. ஆகான்னா பைபிள்ல எடுக்கக் கூடாததை எடுத்து ஒளிச்சு வச்சவன். சாகக் கெடந்த சிநேகிதன் ஒருத்தன் தன் சொத்தைப் பாத்துக்கச் சொல்லி இவர்ட்ட ஒப்படைச்சிருக்கான், இவரு அதுல இருந்து நூறு டாலர் அளவுக்கு எடுத்துக்கிட்டாரு, நாளைக்குக் காலையில அந்த விதவைட்ட திருப்பிக் கொடுத்துருதேன்னு சொல்லுதாரு. அங்க இருந்துதான் மடை உடைஞ்ச மாதிரி சபை முழுசும் பாவ அறிக்கை.

சாகக் கெடந்தவங்க நம்பி ஒப்படைச்சது. அந்த வரியைத் தாண்டி எனக்கு வாசிக்க முடியல.

எழுதிருதேன். 2019ல அம்மா ஆஸ்பத்திரியில கடைசியா கெடந்தப்ப கழுத்துல இருந்த மூணு பவுன் முறுக்குச் செயினைக் கழட்டச் சொல்லி என் கையில கொடுத்தா. "அண்ணன் மவளுக்கு கல்யாணத்துல போட்டு விடு"ன்னு சொன்னா. வேற யாரும் பக்கத்துல இல்ல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் மயினி, அத்தை கழுத்துல கெடந்த செயின் எங்கன்னு கேட்டாங்க, அம்மா அதை எனக்குத்தான் தந்தான்னு நான் சொன்னேன். ஏன் சொன்னேன், ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா நான்தான் பாத்தேன், எனக்கு இது கூட கிடையாதான்னு ஒரு நினைப்பு. போன வருஷம் அண்ணன் மவ கல்யாணம், அண்ணன் விளை நிலத்தை அடகு வச்சு நகை எடுத்தான். நான் போகல. செயின் எங்க வீட்டு பீரோ லாக்கர்ல கெடந்துச்சு. நான் அதை ஒரு நாள் கூட போட்டது இல்ல.

நாப்பது நாள் அதிகாலை ஜெபத்துல "எங்க சபையை உயிர்ப்பியும் ஆண்டவரே"ன்னு சத்தமா ஜெபிச்சது நான்தான்.

ஆகஸ்ட் 16, சனி

இன்னைக்குப் பத்து மணிக்கெல்லாம் பீரோ லாக்கரைத் திறந்து செயினை எடுத்துட்டு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். மயினி முற்றத்துல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வாங்கன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நின்னுக்கிட்டே சொன்னேன், மயினி, இது அம்மா எனக்குத் தந்தது இல்ல, நம்ம பாப்பாவுக்குன்னுதான் என் கையில தந்தா, நான் சொன்னது பொய்.

அவங்க கீரை ஆயுறதை நிறுத்தல. ஒரு கொத்து முழுசும் உருவி முடிச்சு குச்சியைக் கீழ போட்டுட்டுத்தான் நிமிர்ந்தாங்க.

"ஆறு வருஷமா சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் நான்தான் நகைக்கு அலைஞ்சவ. ஒங்க அண்ணன் கூட ஒரு நாள் என்னைய அப்படிச் சொல்லிட்டாரு."

எனக்கு அது தெரியாது. மன்னிச்சிருங்க மயினின்னு சொல்ல வாய் வந்துச்சு, சொன்னேன், அது ரொம்ப சின்னதா கேட்டுச்சு.

"செயினை நீயே வச்சிரு. யார் யார்ட்ட நீ சொன்னியோ அவங்க எல்லார்ட்டயும் போய் இதையும் சொல்லு. அதுக்குப் பிறகு கொண்டா, வாங்குதேன்."

அது நியாயம்தான். அண்ணன் திண்ணையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தான், தலையே நிமிரல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயில் விட்டதும் மூணு வீட்டுக்குப் போனேன். சித்தி அழுதா. மாமா ஒருத்தரு திட்டினாரு, ஆறிப்போனதை இப்ப எதுக்குக் கிளறுதன்னு. ஆறலையே மாமா, மயினிக்கு ஆறலையேன்னு சொல்லிட்டு வந்தேன். பாம்பேயில இருக்கிற சித்தப்பாட்ட போன்ல சொன்னேன், அவரு ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டாரு.

கோயில்ல காலையில ஒண்ணு பாத்தேன். பொய் பரப்பினேன்னு சொன்னாங்கல்லா அந்த அம்மா, அவங்க தெக்கு வாசல் ஆளு, இன்னைக்கு வடக்கு வாசல் வழியா உள்ள வந்து அந்தக் குடும்பம் உக்காந்திருந்த வரிசையில போய் உக்காந்தாங்க. ஒதுங்கி இடம் கொடுத்தாங்க. பின்னாடி இருந்தவங்க திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூடுகைக்கு இருபத்தி மூணு பேர். ஆறாம் அதிகாரம் வாசிச்சோம். ஓலைக் கொட்டான் பெரியம்மா வந்திருந்தாங்க, அந்தப் பிள்ளை கம்மல் போட்டுட்டு வந்திருந்தா, புதுத் திருகாணி வாங்கிட்டா. நான் எந்திரிச்சு என் காரியத்தைச் சொன்னேன், பாதியில குரல் போயிருச்சு, மீதியை உக்காந்து சொன்னேன்.

மயினி வரல. தூத்துக்குடி பெரியத்தை வீடு ஒண்ணுதான் இன்னும் பாக்கி, அவங்கதான் அப்ப மயினியை ரொம்பப் பேசினது, அதனால போன்ல சொல்லாம நேர்ல போய்ச் சொல்லணும்னு இருக்கேன்.

ராத்திரி எட்டரைக்கு அண்ணன் போன் பண்ணினான். நாளைக்குத் தூத்துக்குடி போறியான்னு கேட்டான். ஆமான்னேன். காலையில ஏழு மணிக்கு ரெடியா இரு, வண்டி எடுத்துட்டு வாரேன், நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்னு சொன்னான்.