பதினைந்தாம் மாடி மரமும் காற்றும்

இத்தாலியின் மிலானில் 2014-இல் திறந்த 'போஸ்கோ வெர்டிகாலே', பால்கனிதோறும் மரம் வளரும் இரட்டைக் குடியிருப்புக் கோபுரம். அதன் படத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, "இத்தனை மரத்துக்கு யார் தண்ணி ஊத்துறது?" என்பதுதான். எனக்கு வேறு கவலை. நூறு மீட்டர் தாண்டிய கோபுரத்தின் பால்கனியில் நிற்கும் மரம் புயலில் சாய்ந்தால், கீழே நடப்பவர் கதி?

அதற்காகவே கட்டடத்தின் சிறிய மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கையாகக் காற்றை வீசவிடும் சோதனைக்கூடத்தில், வைத்துப் பார்த்தார்கள். புளோரிடா பல்கலைக்கழகம் ஒன்றின் ராட்சத விசிறிகளுக்கு முன் நிஜ மரங்களையே நிறுத்தியும் சோதித்தார்கள். வேர்மண்ணைத் துணிப்பட்டையால் தொட்டியோடு கட்டி, பெரிய மரங்களுக்குக் கூடுதலாக எஃகு வடம் பூட்டி, காற்று மிக மோசமான இடங்களில் வேர்மண்ணையே இரும்புக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். மரத்துக்கு சீட் பெல்ட்!

சரி, இலைகள் காற்றைக் குறைக்குமா? சுவரை ஒட்டிக் குறைக்கும். வழவழப்பான கண்ணாடிக் கட்டடத்தில் மோதும் காற்று வழுக்கிக் கீழிறங்கி, நடைபாதையில் குடையைப் பறிக்கும். துருத்திய பால்கனியும் மரமும் அந்த இறக்கத்தைக் கொஞ்சம் உடைக்கும். ஆனால் வெறும் கொடியைப் படரவிட்டால் கட்டட மூலையைச் சுற்றி வேகமெடுக்கும் காற்றும் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அங்கே கட்டடத்தின் வடிவம் வைத்ததுதான் சட்டம்.

மொட்டைமாடியில் கதையே வேறு. காற்று அங்கே அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். மூலைகளில் சுழல் கிளம்பி, வேர் பிடிக்காத மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பசுங்கூரை போடுபவர்கள் ஓரங்களில் செடி வைக்காமல் கூழாங்கல்லோ கான்கிரீட் பலகையோ பரப்புகிறார்கள். விற்பனை விளம்பரப் படங்களில் மட்டும் பச்சை விளிம்பு வரை வழியும்.