ஊருக்கு ஊர் மாறும் காய்ச்சல் பயம்

அமெரிக்காவின் டென்வரில் 1980இல் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 81 பெற்றோரிடம் காய்ச்சல் பற்றி விசாரித்தார். 104 டிகிரியைத் தாண்டாத காய்ச்சலே மூளை நரம்புகளைக் கெடுத்துவிடும் என்று பாதிப்பேருக்கு மேல் நம்பினார்கள். 2001இல் பால்டிமோரில் 340 பேரிடம் கேட்டபோதும் அந்தப் பயம் போகவில்லை. 85 சதவீதம் பேர் தூங்குகிற குழந்தையை எழுப்பியாவது மருந்து கொடுப்போம் என்றார்கள். நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை அதற்காக எழுப்பவே தேவையில்லை. கிருமித்தொற்றால் வரும் காய்ச்சல் மூளையைக் கெடுக்கும் அளவுக்கு ஏறுவது மிக அரிது.

ஜப்பானில் கவலை 37.5 செல்சியஸ் என்ற எண்ணைச் சுற்றியே இருக்கிறது. அக்குளில் வைத்துப் பார்க்கும் சூடு அதைத் தொட்டால், பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் பலவற்றிலிருந்து 'வந்து கூட்டிப்போங்கள்' என்று அழைப்பு வந்துவிடும். நெற்றியில் ஒட்டும் குளிர்ச்சி ஜெல் பட்டை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அது இதமாக இருக்கும், உடல் சூட்டைக் குறைக்காது. கைக்குழந்தைக்கு வழுக்கி மூக்கை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஜெர்மனியில் கெண்டைக்காலில் ஈரத்துணி சுற்றுவார்கள். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: குழந்தையின் கைகால் சூடாக இருந்தால் மட்டுமே சுற்றலாம். கைகால் சில்லிட்டிருந்தால் சூடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது குளிர வைத்தால் உடம்பு நடுங்கி, சூட்டை மேலும் கூட்டும். ஐஸ் தண்ணீரில் துணி நனைக்கும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

நம்மூரில் பயம் மூளையைவிட ஜன்னியைப் பற்றியது. ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஸ்வெட்டர் மாட்டி, கம்பளியும் போர்த்தினால் சூடு வெளியேற வழியில்லை. நடுக்கம் நின்றதும் ஒற்றை மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயதுக்குள் வருவது. மேற்கு நாடுகளில் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு வருகிறது, ஜப்பானில் இன்னும் அதிகம். பார்க்கக் குலைநடுங்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். நேரத்துக்கு மருந்து கொடுத்தாலும் வலிப்பு தடுக்கப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். முதல் முறை என்றால் நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உண்மையான தவறு நடப்பது பாராசிட்டமால் பாட்டிலில். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால், 120 சிரப்பில் (5 மி.லி.யில் 120 மி.கி.) சுமார் 6 மி.லி., 250 சிரப்பில் (5 மி.லி.யில் 250 மி.கி.) 3 மி.லி., மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. மூன்றும் ஒரே பெயரில் கிடைக்கும். '6 மி.லி.' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் பாட்டிலை மாற்றினால், 250 சிரப்பில் இரட்டிப்பும் சொட்டு மருந்தில் நான்கு மடங்கும் போய்விடும். பழைய சீட்டைப் பார்த்துக் கொடுக்காமல் இன்றைய எடைக்குக் கணக்கிடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 தொட்டாலே மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவரிடம்.

நாம் பயப்படாத இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம், நான்காம் நாளில் 'காய்ச்சல் விட்டாச்சு' என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் தயாராவோம். டெங்குவில் ஆபத்தே அப்போதுதான் தொடங்கும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது சூடு இறங்கும் அந்த நேரத்தில். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மந்தமாகக் கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலே, தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் கூடாது.