இடவப்பாதி மழையில் பைபர் வேலை

நீரோடி, கொல்லங்கோடு, எல்லை தாண்டினால் பொழியூர், விழிஞ்ஞம். இந்தக் கரையில் மழை விட்டதும் கடலில் இறக்க புது வள்ளம் வேண்டும் என்பார்கள். அதனால் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதே, கண்ணாடி இழையில் பிசின் ஊற்றி வள்ளம் கட்டும் பைபர் வேலையும் நெருக்கும். வள்ளத்தின் ஆயுளை முதலில் குறைப்பது இந்த அவசரம்தான்.

கண்ணாடி இழை விரிப்பான மேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர மேட்டில் ரெசின் என்ற பிசின் சரியாக ஊறாது, இறுகியபின் வெள்ளைத் திட்டு தெரியும். ரோலைத் தரையில் போடாமல் பிளாஸ்டிக் சுற்றிப் பலகைமேல் வைக்க வேண்டும். மழைக் குளிரில் ரெசின் இறுகத் தாமதமாகும். உடனே ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டைக் கூட்டி ஊற்றுவார்கள். 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரைதான் கணக்கு. அதைத் தாண்டினால் சூடேறி, உடையும் தன்மை வந்துவிடும். குறைத்தால் உள்ளே வேகாமல் நிற்கும். கேட்டலிஸ்டையும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகே கேட்டலிஸ்ட்.

அச்சில் முதலில் பூசும் வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம் வேண்டும், சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம். மெலிந்த இடத்தில் சரியாக இறுகாது. மேலே வரும் ரெசினிலுள்ள ஸ்டைரின் என்ற திரவம் அதை அரித்து, முதலைத் தோல்போலச் சுருக்கிவிடும். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், நிறம் ஒட்டக் கூடாது. அதுதான் முதல் மேட் போடும் நேரம்.

450 மேட்டுக்கு, அதாவது சதுர மீட்டர் 450 கிராம் உள்ளதற்கு, அதன் எடைபோல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், அதாவது சதுர மீட்டருக்கு 1 கிலோ அளவு. 600 ரோவிங்குக்கு, அதாவது சதுர மீட்டர் 600 கிராம் உள்ள நெய்த இழைத் துணிக்கு, ஏறத்தாழ அதே எடை போதும். ரெசினைக் கூட்டினால் பலம் கூடாது, பாரம் தாங்குவது இழைதான். ரோவிங்மேல் ரோவிங் வைத்தால் அடுக்கு பிரியும், நடுவே ஒரு மேட் கட்டாயம். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நாணயத்தால் தட்டினால் பொத்தென்று கேட்கும் இடத்தை அரைத்தெடுத்து மறுபடி போடுவதே சரி, பெயின்ட் அடித்து மறைப்பது ஏமாற்று. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக அவசரத்தில் கட்டிய பைபர் படகுகள் பலவற்றில் தரக்குறைவு என்ற புகார் எழுந்தது எல்லோருக்கும் தெரியும்.

மணலில் இழுக்கும் வள்ளத்துக்கு ஏராவில் (அடிப்பகுதியின் நடு முதுகில்) கூடுதல் அடுக்கு தேவை. அதைவிட முக்கியம் அமரத்தில் (பின்பக்கத்தில்) மோட்டார் மாட்டும் பிளைவுட். போல்ட் துளை வழியே உப்புத் தண்ணீர் நுழைந்து, உள்ளேயே மக்கும். துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்சி பிசின் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைத்தால் மரத்தில் ஈரம் படாது. போல்ட்டைச் சுற்றிப் பழுப்புநீர் கசிந்தால் பிளைவுட் ஏற்கெனவே போயிருக்கும். சீலன்ட் பூசிப் பயனில்லை, மோட்டாரை இறக்கிப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.